மா வராத நாட்களில் சாப்பிட்டவை: திருகோணமலைக் குறிப்புகள்

முதல் நாள்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்க ஆனது. கோட்டை ரயில் நிலையத்தில் ஏறியபோது என் பெட்டியில் துணிமணியைவிடச் சாப்பாட்டுச் சாமான்தான் அதிகம். இரண்டு கிலோ வறுத்த அரிசி மாவு, ஒரு கிலோ கேழ்வரகு மாவு, அம்மா அரைத்துக் கொடுத்த சாம்பார்ப் பொடி, அரிசி மாவு கலந்த பெருங்காயம் ஒரு டப்பா, ஒரு சின்ன ரைஸ் குக்கர்.

பெருங்காயத்தைக்கூடவா தூக்கிக்கொண்டு போவது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்திருக்கும். எனக்கு அது ஒரு சிட்டிகைகூட ஆகாது.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். அவசரத்துக்கு ஒவ்வாமை என்று சொல்லிவிடுவேன், ஆனால் இது வேறு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்கும். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. ஆறு வருஷம் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை விழுங்கி ஒன்றும் ஏறாமல், 2019இல்தான் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து கண்டுபிடித்தார்கள். வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கும் இந்த நோய், தெற்கே அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

ஆறு மாத வேலைக்கு வந்திருக்கிறேன். "இலங்கைதானே, அங்கேயும் சோறும் இடியப்பமும்தானே, உனக்கென்ன கவலை" என்றுதான் ஊரில் எல்லோரும் வழியனுப்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு இறங்கினேன். ரயில் பாதை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கடல்தான். ஆவணி மாதத்துக் கச்சான் காற்று காலை ஏழு மணிக்கே அனல் மாதிரி அடித்தது. தெருவில் புள்ளிமான்கள் மாடுகளைப் போல நிதானமாக நடந்து போவதைப் பார்த்து நின்றுவிட்டேன்.

வாடகைக்கு எடுத்திருப்பது ஒரு வீட்டின் மாடி அறை. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். "வாங்கோ பிள்ளை, களைச்சுப்போய் வந்திருப்பீங்கள்" என்று தேத்தண்ணி கொடுத்தார். கூடவே ஒரு தட்டில் பிஸ்கட். பிஸ்கட்டை மட்டும் விட்டுவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியதைக் கவனித்தேன். இந்த நோயில் எனக்கு மிகக் கஷ்டமான இடம் அதுதான், பசி அல்ல.

இரண்டாம் நாள்

காலையில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டு எழுந்தேன். பீத்தோவனின் பியானோ மெட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டபடி ஓர் ஆட்டோ வந்தது. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், பணிஸ், சீனி தூவிய ரொட்டிகள். தெருவே வாசலுக்கு வந்து வாங்கியது. பாண் என்றால் இங்கே பிரெட். நம் ஊரில் காய்ச்சல்காரருக்கு வாங்குவது, இங்கே அன்றாடக் காலைச் சாப்பாடு. பருப்புக் கறியோடும், சம்பல் என்கிற துவையலோடும் சாப்பிடுகிறார்கள். வாசனை எனக்கும் பிடிக்கும். சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் பிடிக்கும்.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். இடியப்பம் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தது. நான் விடவில்லை, கேட்டேன்: "தம்பி, இதில் மைதா ஏதாவது கலந்திருக்கா?"

"இல்லை அக்கா, மைதா ஒண்டும் இல்லை."

"கோதுமை?"

அந்தப் பையன் ஒரு நொடி யோசித்தான். "இது இடியப்பம் அக்கா. ரொட்டி இல்லை."

எட்டு இடியப்பம் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. மஞ்சளும் பச்சை மிளகாயும் வெந்தயமும் போட்ட அந்தத் தேங்காய்ப்பால் சொதியை இன்னொரு முறை ஊற்றிக்கொண்டேன். மூன்று மணி நேரம் கழித்து வயிறு கல் மாதிரி ஆனது. மாலைக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள்

எழுந்திருக்கவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைக்குள் பனிமூட்டம். வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கிடந்தேன்.

பத்து மணிக்கு வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். "என்ன பிள்ளை வருத்தம்?" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு "வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, உடம்புக்குத்தான் முடியவில்லை" என்றேன். "அதைத்தான் பிள்ளை கேக்கிறன்" என்றார். இங்கே வருத்தம் என்றால் நோய். எனக்கு அப்போது இரண்டும்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் ஒரு பெரிய கோப்பையில் சூடாக ஏதோ கொண்டுவந்து வைத்தார். உடம்பு தேறட்டும் என்று மோல்ட் கரைத்துப் பாலும் சீனியும் போட்டிருந்தார். மோல்ட் என்பது முளைகட்டிய பார்லி. அதுவும் எனக்கு விஷம்தான். இரண்டு நாள் முன்பு வந்த அந்நியப் பெண்ணுக்காக முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்தவர் நீட்டுகிற கோப்பையை எப்படி மறுப்பது? மறுத்தேன். அழுதுகொண்டே, முதல் தடவையாக முழுக் கதையையும் சொன்னேன். எண்டோஸ்கோப்பி வரைக்கும். நேற்றுச் சாப்பிட்ட இடியப்பம் வரைக்கும்.

அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இடியப்பம் வெள்ளையோ சிவப்போ?"

"வெள்ளை."

"அது அவிச்ச மா பிள்ளை. கோதம்ப மா. நீங்கள் மைதா எண்டு கேட்டா அந்தப் பெடியனுக்கு என்ன விளங்கும்?"

நான்காம் நாள்

இன்று எழுந்து உட்கார முடிகிறது. மதியம் கீழே போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கார அம்மா எனக்கு இந்த ஊர் மாக்களைச் சொல்லிக்கொடுத்தார். நோட்டில் எழுதிக்கொண்டேன். இங்கே வரப்போகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று அப்படியே தருகிறேன்.

நம் ஊரில் மாவு என்பதை இங்கே மா என்கிறார்கள். மைதா என்ற சொல் புழக்கத்தில் இல்லை. நாம் மைதா என்கிற அந்த வெள்ளை மாவுதான் இங்கே கோதுமை மா. பேச்சில் கோதம்ப மா. வெறுமனே "மா" என்றாலும் பெரும்பாலும் அதுதான். நம் சப்பாத்தி மாவு ஆட்டா மா. கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் வேகவைத்து, கட்டி உடைத்து அரிதட்டில் அரித்தால் அவித்த மா. அந்த அவித்த மாவில்தான் பல வீடுகளிலும் கடைகளிலும் வெள்ளை இடியப்பமும் வெள்ளைப் பிட்டும் செய்கிறார்கள். சிவப்பு என்றால் சிவப்பரிசி மா. ஆனால் சிவப்பு என்பதற்காக நம்பிவிட முடியாது. மெதுமெதுவென்று வர வேண்டும் என்பதற்காகவும், மலிவு என்பதற்காகவும் அரிசி மாவோடு கோதுமை மாவைக் கலப்பதும் உண்டு. குரக்கன் பிட்டு, குரக்கன் ரொட்டியும் இதே கதை. குரக்கன் என்பது நம் கேழ்வரகு. அது எனக்கு நல்லதுதான், கூடச் சேர்கிற மாதான் சிக்கல். அப்பத்திலும் தோசையிலும்கூடச் சிலர் ஒரு கை கோதுமை மா போடுகிறார்கள் என்றார் அம்மா. ரொட்டி என்ற பெயரில் வருகிற எதையும் தொட வேண்டாம், தேங்காய் ரொட்டி உட்பட. கொத்து ரொட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆக, நான் கேட்க வேண்டிய கேள்வி "மைதா இருக்கா" என்பது இல்லை. "என்ன மா?" என்று கேட்க வேண்டும். அதையும் பரிமாறுகிறவரிடம் கேட்டுப் பயனில்லை, குழைத்தவரிடம் கேட்க வேண்டும். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் உண்மையைத்தான் சொன்னான்.

அம்மாவின் கணவர் சீனக்குடாவில் இருக்கும் பிரிமா மா ஆலையில் வேலை பார்த்தவர். "இந்த வீட்டில மா இல்லாத நாள் இல்லை பிள்ளை. பிள்ளையளைப் படிப்பிச்சதே அந்த மாதான்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பாண்தான் காரணம் என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

டாக்டர் எனக்குச் சொன்ன கதையை அவருக்குச் சொன்னேன். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். கோதுமைதான் காரணமோ என்று அவருக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944–45. அந்த நாட்டில் கொடிய பஞ்சம், பாண் கிடையாது. கிடைத்ததைத் தின்று ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவர் சந்தேகம் உறுதியானது அப்படித்தான்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் தன் கதையைச் சொன்னார். எழுபதுகளின் தொடக்கத்தில், அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில், நாடு முழுக்க மாவுக்குத் தட்டுப்பாடு. விடியுமுன் போய்ப் பாணுக்கு வரிசையில் நிற்க வேண்டும். பிறகு சண்டைக் காலத்திலும் சாமான் வராத நாட்கள் இருந்தன.

"அப்போதெல்லாம் என்ன சாப்பிட்டீர்கள் அம்மா?"

"மரவள்ளிக் கிழங்கு. குரக்கன். ஒடியல். பயறு அவிச்சுத் தேங்காய்ப்பூ போட்டு. சோளன். அரிசி இருந்தாக் கஞ்சி."

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், அதில் எனக்கு ஆகாதது ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள்

சனிக்கிழமை. அம்மாவோடு சந்தைக்குப் போனேன். வாங்க வந்தது சாப்பாட்டுச் சாமான் இல்லை, பாத்திரம்.

முக்கியமானது நீத்துப்பெட்டி. பனை ஓலையில் கூம்பு வடிவில் பின்னியிருப்பார்கள். பிட்டு மாவை அதில் போட்டுப் பானை வாயில் வைத்து அவிப்பது. அம்மா வீட்டு நீத்துப்பெட்டி எவ்வளவு கழுவினாலும் எனக்கு உதவாது. ஓலையின் பின்னல் இடுக்குகளில் பல வருஷத்துக் கோதுமை மா ஏறியிருக்கிறது. இடியப்பத் தட்டும் அப்படித்தான். அதுவும் பின்னல். எவர்சில்வர் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும். ஓலை, பிரம்பு, மர உரல், மரக் கரண்டி, சுளகு இவையெல்லாம் எனக்கென்று தனியாக வேண்டும்.

இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். தவறான கேள்வி இல்லை. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் வீதம் சில மாதம் உள்ளே போனாலே குடல் கெடும். ஒரு பாண் துண்டில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. அப்படியானால் மேசையில் சிந்திய தூளுக்குப் பயப்படத்தான் வேண்டும்.

புது நீத்துப்பெட்டி இரண்டு, இடியப்பத் தட்டு பத்து, இடியப்பம் பிழியும் உரல் ஒன்று. அம்மா எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டினார். சிவப்பு நூல் கட்டியது பிள்ளையுடையது. அடுப்படியில் ஜன்னல் ஓர மேல் தட்டு முழுவதையும் காலி செய்து எனக்குக் கொடுத்துவிட்டார். மேல் தட்டு வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். மா மேலிருந்து கீழேதான் கொட்டும், கீழிருந்து மேலே போகாது.

அரிசி அரைக்கும் மில்லில் ஒரு சிறு பேச்சுவார்த்தை. அதே இயந்திரத்தில்தான் எல்லாத் தானியமும் அரைக்கிறார்கள். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக வருகிறேன், முதலில் ஒரு கொத்து அரிசியைப் போட்டு ஓட்டிவிடுங்கள், அந்த மாவு எனக்கு வேண்டாம், அதற்கும் காசு தருகிறேன் என்றேன். மில்காரர் "அதுக்கேன் காசு, கோழிக்குப் போடலாம்" என்று சிரித்தார். திங்கட்கிழமை காலை போக வேண்டும்.

ஒடியல் மாவும் வாங்கினோம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. கசப்பும் பனைக்கே உரிய ஒரு வாசமும் சேர்ந்திருக்கும். அன்று ராத்திரி அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினார். இறால், நண்டு, மீன் துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் ஒரே பானையில். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால் மட்டும் இல்லை. ஒரு பானையிலிருந்து இரண்டு பேரும் ஊற்றிக்கொள்வது எனக்கு எவ்வளவு அரிய விஷயம் என்பது இந்த நோய் உள்ளவர்களுக்குப் புரியும்.

ஏழாம் நாள்

மில் வேலை நல்லபடி முடிந்தது. மாவை வறுத்து ஆறவைத்து டின்னில் போட்டாயிற்று.

மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரட்ரிக் கோட்டைக்குள்ளே நுழைந்து மேலே ஏற வேண்டும். மலை முனையில் கோயில், மூன்று பக்கமும் கடல், கீழே செங்குத்தாகப் பாறை. ஞானசம்பந்தர் பாடிய தலம். மாலை வெயிலில் கடல் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக வெகுநேரம் நின்றேன்.

வந்த இடத்தில் தெரிந்த குடும்பம் ஒன்று, வீட்டிலிருந்து படையலுக்குச் செய்து வந்ததைப் பகிர்ந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், இங்கே புக்கை என்கிறார்கள். அதை வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்து மோதகம். நம் ஊர்க் கொழுக்கட்டை நினைப்பில் கையை நீட்டிவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த வீட்டம்மாவிடம் கேட்டார்: "என்ன மா பிள்ளை போட்டது?"

"அரிசி மாவும் கோதம்ப மாவும் பாதிப் பாதி அம்மா."

நான் மோதகத்தைத் திருநீற்றுக் கையோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடமே கொடுத்தேன். என் கேள்வியை எனக்காக இன்னொருவர் கேட்டது, இத்தனை வருஷத்தில் என் அம்மாவைத் தவிர, இதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள்

வேலை அதிகம். காலை: அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டைச் சம்பலும். மதியம்: வீட்டிலிருந்து கொண்டுபோன சிவப்பரிசிச் சோறு, பருப்பு, சூரை மீன் குழம்பு. இரவு: அரிசிமாப் பிட்டும் வாழைப்பழமும். உடம்பு முழுக்கச் சரியாகிவிட்டது.

பத்தாம் நாள்

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண், பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அழைத்தவர் வீட்டில் சாப்பிடாமல் வருவது அவமரியாதை, சாப்பிட்டுப் படுத்தால் அதைவிட மோசம். சரி, முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று அவருடைய உம்மாவிடம் போனில் பேசினேன்.

பேருந்து சீனக்குடாவைத் தாண்டும்போது அந்த மா ஆலையின் உயரமான சேமிப்புக் கோபுரங்கள் குடாவின் ஓரத்தில் தெரிந்தன. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அத்தனையும் கப்பலில் வருகிறது. இந்த ஆழமான இயற்கைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே அரைபட்டு, நாடெங்கும் போகிறது. எனக்கு அந்த ஆலையின் மேல் எந்தக் கசப்பும் வரவில்லை. அம்மாவின் பிள்ளைகள் படித்த பள்ளிக் கட்டணம் அங்கிருந்து வந்தது. ஆனால் வெள்ளை இடியப்பம் எப்படி வெள்ளையானது என்பது, கடலையும் கோபுரங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. 396 மீட்டர். அதற்கு முன் மிதவைப் படகில்தான் கடந்தார்களாம், அதை இங்கே பாதை என்கிறார்கள்.

உம்மா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். நெய்ச்சோறு, மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய் வதக்கல், வெங்காயச் சம்பல். கறிக்குத் தூள் வீட்டில் வறுத்து இடித்தது. பொரித்த அப்பளம் மட்டும் வேண்டாம் என்றேன், அந்த எண்ணெயில் முந்தின நாள் கோதுமை மாவில் செய்யும் ரோல்ஸ் பொரித்ததாக அவரே சொன்னார். இது முக்கியம். பெட்டிக்கடை உளுந்து வடையில் ஒன்றும் கலக்காவிட்டாலும், ரோல்ஸும் பற்றீஸும் பொரித்த எண்ணெயில் அது விழுந்தால் எனக்கு ஆகாது.

இனிப்புக்கு இரண்டு தட்டு வந்தது. ஒன்று வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். மா எதுவும் கிடையாது. இன்னொன்று சிவப்பாகக் கண்ணாடி மாதிரி மின்னியது. கடற்பாசியில் செய்த ஜெல்லி என்று நினைத்தேன். மஸ்கற் என்றார்கள். "இது எதிலிருந்து உம்மா?" என்று கேட்டேன். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் பாலை எடுத்துக் காய்ச்சுவது. "அல்லா, எனக்கு அது மா எண்டே மறந்துபோச்சு மகள்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பார்வைக்கு மாவின் சாயலே இல்லாத பண்டம் அது. புதிதாக வருகிறவர்கள் கவனமாக இருங்கள்.

திரும்பும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்தனுப்பினார். கிண்ணியாத் தயிருக்கு இந்தப் பக்கம் பெரிய பெயர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. இரவு அம்மாவும் நானும் கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்துப் பாகு, ஊற்றிச் சாப்பிட்டோம்.

பன்னிரண்டாம் நாள்

நிலாவெளிக் கடற்கரை. அலுவலக விருந்து, ஒரு ஹோட்டலில். சாப்பாட்டு அட்டையில் குளூட்டன் இல்லாதது என்று சில பண்டங்களுக்கு எதிரே குறி போட்டிருந்தார்கள். சந்தோஷப்பட்டு, சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர். பொரித்த கணவாய்க்குச் சோள மா தான் போடுகிறேன் என்றார், ஆனால் எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பிரைட் ரைஸில் சோயா சோஸ் ஊற்றுகிறார். சோயா சோஸ் காய்ச்சுவதிலேயே கோதுமை சேர்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அட்டையில் உள்ள குறியை மட்டும் நம்பியிருந்தால் மறுபடி மூன்று நாள் படுத்திருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண் எனக்குச் சில சிங்களச் சொற்கள் சொல்லிக்கொடுத்திருந்தாள். கோதுமை மாவுக்கு அவர்கள் பான் பிட்டி என்கிறார்கள். அரிசி மா, ஹால் பிட்டி. "பான் பிட்டி எப்பா" என்றால் பாண் மா வேண்டாம். அவள் கையாலேயே ஓர் அட்டையும் எழுதித் தந்திருக்கிறாள், ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கம் இப்படி: "எனக்கு ஒரு குடல் நோய் இருக்கிறது. கோதுமை மா, அவித்த மா, ஆட்டா மா, ரவை, பார்லி, மோல்ட், சோயா சோஸ் கொஞ்சம்கூடச் சாப்பிட முடியாது. தயவுசெய்து கழுவிய சட்டியில், புது எண்ணெயில் சமையுங்கள். சோறு, மீன், முட்டை, காய்கறி, தேங்காய் எல்லாம் சாப்பிடுவேன்." கடைசி வரி அவளே சேர்த்தது. முடியாததை மட்டும் சொன்னால் சமைப்பவருக்குப் பயம் வந்துவிடும், முடிந்ததையும் சொல்லுங்கள் அக்கா என்றாள்.

சமையல்காரர் அட்டையைப் படித்துவிட்டு, பாரை மீன் ஒன்றை உப்பும் மிளகும் எலுமிச்சையும் தடவி வாழையிலையில் சுட்டுத் தந்தார். வெறும் சோறும் அதுவும்தான். அந்த மேசையிலேயே நல்ல சாப்பாடு என்னுடையதுதான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

பதினான்காம் நாள்

அந்த முதல் கடைக்கு இன்று திரும்பப் போனேன். சண்டைக்கு இல்லை. அந்த இடியப்பத்தின் ருசி நாக்கிலேயே நின்றுவிட்டது. பையனிடம், இடியப்பம் யார் அவிப்பது என்று கேட்டேன். கடையில் அவிப்பதில்லை, இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா வீட்டில் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று வழி காட்டினான்.

சின்ன வீடு. முற்றத்தில் பெரிய பானை, அடுக்கடுக்காக இடியப்பத் தட்டு. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறாராம். அட்டையைக் கொடுத்தேன். படித்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ர இடியப்பத்தாலயோ தங்கச்சி?"

"உங்களால் இல்லை அக்கா. எனக்குக் கேட்கத் தெரியவில்லை."

முன்பெல்லாம் அரிசி மாவில்தான் அவித்தேன் என்றார். அரிசியை ஊறவைத்து இடித்து வறுப்பதற்கு நேரம் வேண்டும், கடைக்காரர்கள் வெள்ளையாகக் கேட்கிறார்கள், விலையும் கட்டவில்லை. என் மாவை நான் கொண்டுவந்து தந்தால், என் உரல், என் தட்டு எல்லாம் தந்தால், கோதுமை மா டின்னைத் திறப்பதற்கு முன்னால், கழுவிய பானையில், அன்றைய முதல் அடுக்காக எனக்கு அவித்துத் தர முடியுமா என்று கேட்டேன். கூலி எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றேன்.

கூலியைப் பற்றி அவர் பேசவில்லை. சிவப்பு நூல் கட்டிய தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை மாவை விரலில் தேய்த்து, "நல்லா வறுபட்டிருக்கு, ஆர் வறுத்தது?" என்றார். வீட்டுக்கார அம்மா என்றேன்.

"கிழமையில எத்தனை நாள்?"

"செவ்வாய், வெள்ளி."

"எத்தனை இடியப்பம்?"

"இருபது" என்றேன். எனக்குப் பத்து, அம்மாவுக்குப் பத்து.